சார் என்ன ஒயில் போட்டார்?

இத்தா முடிந்த அன்று காலை நான் முதலில் போய் நின்ற இடம் எங்கள் கார் கொட்டகை.

கணவர் மௌத்தான பிறகு நாலு மாதமும் பத்து நாளும் வீட்டைவிட்டு வெளியே போகாமல் இருந்தேன். எங்கள் மார்க்கத்தில் கணவர் இறந்தால் அப்படித்தான், அதுதான் இத்தா. பாடசாலையிலும் அதற்கென்று லீவு தருவார்கள். முதல் மாதம் வீடு கொள்ளாத சனம். சொந்தக்காரர்கள், கணவரோடு தபால் கந்தோரில் வேலை செய்தவர்கள், மடவளைச் சந்தியில் அவரோடு தேநீர் குடித்தவர்களின் மனைவிமார். இரண்டாம் மாதம் அது பாதியானது. கடைசி மாதத்தில் பாங்குச் சத்தமும், சந்தியில் திரும்பும் பஸ்ஸின் ஹோர்ன் சத்தமும் தவிர வேறெதுவும் வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

குசினி ஜன்னலால் பார்த்தால் காரின் கூரை தெரியும். அதில் பலா இலை விழுந்து காய்வதையும், பக்கத்து வீட்டுப் பூனை ஏறிப் படுப்பதையும் நான் ஒவ்வொரு நாளும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தக் காரை யாரும் ஸ்டார்ட் பண்ணவில்லை. பண்ண வேண்டும் என்று எனக்கும் தெரியாது.

சாவியைப் போட்டுத் திருப்பினேன். 'டக்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பற்றறி செத்துப் போயிருந்தது.

என்னிடம் லைசன்ஸ் இருந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்தபோது எடுத்தது. அவர் வாகனம் ஓட்டக்கூடாது என்று டொக்டர் சொன்ன அந்தச் சில வாரங்கள் நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் இருந்துகொண்டு, இல்லாத பிரேக்கை அவர் காலால் மிதித்துக்கொண்டே வருவார். கட்டுகஸ்தோட்டைப் பாலம் வந்தால் இரண்டு காலாலும் மிதிப்பார். கண் சுகமானதும் சாவியை அவர் கையில் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகு அவர் தினமும் என்னைக் கண்டியில் பாடசாலை வாசலில் இறக்குவார், பின்னேரம் வந்து ஏற்றுவார். காரைப் பற்றி நான் அறிந்தது அந்த இடப்பக்க சீட் மட்டும்தான்.

எங்களுக்கு ஒரே மகன். டோஹாவில், வாடகைக்கு வாகனம் கொடுக்கும் ஒரு கம்பனியின் அலுவலகத்தில் வேலை. வெள்ளிக்கிழமைகளில் போன் எடுப்பான்.

"உம்மா, அத வித்துருங்க. எனத்துக்கு அது? நீங்க பஸ்ல போய் வரலாம் தானே."

"போகலாம் மகன்."

"அப்ப?"

"பாப்பம்."

பஸ்ஸில் போக எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் விற்க மனம் வரவில்லை. ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஓட்டுநர் சீட் அவருடைய உயரத்துக்குப் பின்னால் தள்ளி இருந்தது. எனக்குக் கால் எட்டவில்லை. கீழே இருந்த கம்பியைத் தூக்கி சீட்டை முன்னால் இழுத்தேன். அது நகர்ந்து பூட்டிக்கொண்ட பிறகுதான், அவர் வைத்திருந்த இடத்தை அடையாளம் பண்ணி வைக்காமல் விட்டுவிட்டேனே என்று உறைத்தது. இனி அது எந்தப் பல்லில் நின்றது என்று யாருக்கும் தெரியாது. ஓடாத காருக்குள் இருந்து அன்று நான் அழுதேன். மையித்து எடுத்த அன்றுகூட அப்படி அழவில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் போகும் வழியில் ஒரு கராஜ் இருக்கிறது. அதன் உரிமையாளர் நாற்பது வயதுக்காரர். தேயிலைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்து, கண்டியில் தொழில் பழகியவர். நம்பர் தேடிப் பிடித்துச் சொன்னதும் புதுப் பற்றறியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். அவர் கையை வைத்ததும் கார் உயிர் பிடித்தது. பலா இலைகள் கூரையில் நடுங்கின.

"டீச்சர், இதுல ஒயில் நாலஞ்சு மாசமா சும்மா நின்னுருச்சு. மாத்திருவோம். சார் என்ன ஒயில் போட்டாரு?"

"எனக்குத் தெரியா தம்பி."

"என்ன நம்பர்னு ஏதும் சொல்லியிருப்பாருங்களே. தடிப்பானதா, தண்ணி மாதிரியா?"

"தெரியா."

"பரவால்ல. கார்டு, கீர்டு எங்கயாச்சும் இருக்கும், பாத்து வைங்க. நாளைக்குக் கராஜுக்குக் கொண்டாங்க."

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். எனக்கு ஏனோ முகம் எரிந்தது. முப்பத்தொரு வருடம் ஒரே கட்டிலில் படுத்த மனிதர். எத்தனை கரண்டி சீனி, எந்தக் காலில் பித்தவெடிப்பு, எந்தப் பக்கம் திரும்பினால் குறட்டை என்றெல்லாம் எனக்குத் தெரியும். வாரத்துக்கு ஆறு நாள் என்னை ஏற்றி இறக்கிய வண்டிக்கு அவர் என்ன ஊற்றினார் என்று தெரியவில்லை.

அன்றைக்கு முழுக்கத் தேடினேன். அவருடைய மேசை லாச்சியில் பழைய கண்ணாடி, முத்திரைகள், பல் குத்தும் குச்சி, காப்புறுதிக் கடிதங்கள். காரின் கதவு ஓரத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. அடுத்த சேர்விஸ் எத்தனையாவது கிலோமீற்றரில் என்று எழுதியிருந்தார்கள், ஒயிலின் பெயர் எழுத வேண்டிய கோடு வெறுமையாக இருந்தது. டாஷ்போர்ட் பெட்டிக்குள் காரோடு வந்த கைநூல் கிடைத்தது. முழுக்க ஜப்பான் எழுத்து.

கடைசியில் குளியலறைக்குப் பின்னால் போனேன். அங்கே அவர் ஒயில் கேன்களைக் குறுக்காக வெட்டி மிளகாய்க் கன்று போட்டிருந்தார். மூன்று கேன். மண்ணைத் துடைத்துப் பார்த்தேன். ஒன்றில் 20W-50. அடுத்ததில் 10W-40. மற்றதில் 5W-30. மூன்றும் வேறு வேறு நிறம், வேறு வேறு கம்பனி.

அடுத்த நாள் கராஜில் இதைச் சொன்னபோது மெக்கானிக் சிரித்துவிட்டார்.

"சார் பெற்றோல் செட்டுலயே மாத்தியிருப்பாருங்க டீச்சர். அங்க அன்னைக்கு எது இருக்கோ அதப் போடுன்னுருப்பாரு. பாதிப்பேரு அப்பிடித்தான்."

நான் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து யோசிக்க யோசிக்க நம்பினேன். சேர்ட் கொலரில் ஒரு மடிப்பு இருந்தால் திருப்பி அயன் பண்ணச் சொல்லும் மனிதர், இதில் எது கையில் வந்ததோ அதை ஊற்றியிருக்கிறார். சரியான பதில் ஒன்று இருந்தது, அதை அவர் தன்னோடு கொண்டுபோய்விட்டார் என்றல்லவா நான் லாச்சி லாச்சியாகத் தேடினேன்! இரண்டு நாள் அவர்மேல் கடும் கோபத்தோடு திரிந்தேன். சொன்னால் பிழையாக நினைக்கக்கூடாது, அந்த இரண்டு நாளும் அவர் வீட்டில் இருந்ததுபோல் இருந்தது.

ஒயில் மாற்றும்போது மகன் வீடியோவில் வந்தான். மெக்கானிக்கும் அவனும் பேசினார்கள்.

"பழைய இஞ்சின் தம்பி. லேசானது போட்டா எரிச்சுக் குடிச்சிரும். டுவென்டி ஃபிஃப்டி போடுவோமா?"

"அதான் சரி அண்ணே. இங்க அம்பது டிகிரி வெயில்ல ஓடுற வாகனத்துக்கெல்லாம் தடிப்பானதுதான். அதையே ஊத்துங்க."

இருவரும் ஒருவரையொருவர் பார்க்கும்படி போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது நான். கை வலித்தது. என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாடசாலைக்குக் காரில் போகத் தொடங்கினேன். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு கொஞ்சம் வெளிச்சம் வந்ததும் புறப்பட்டால் கட்டுகஸ்தோட்டையில் வாகன நெரிசலுக்கு முந்திவிடலாம். அது வருடக் கடைசி; மார்கழிக் குளிர். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் பழைய தையல் மெஷின்போல் இஞ்சினுக்குள் ஒரு சடசடப்பு. கொஞ்ச நேரம் அடித்துவிட்டு அடங்கும். அதற்குள் பக்கத்து வீட்டில் ஜன்னல் திறக்கும். வண்டியும் லேசில் கிளம்பாது. யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல் இருக்கும். பாடசாலைக்கு ஏறும் மேட்டில் முதலாம் கியருக்கு வந்தால்தான் ஏறும். பின்னால் வருபவர்கள் ஹோர்னை விடவே மாட்டார்கள்.

மெக்கானிக்கிடம் சொன்னேன்.

"புதுசா ஓட்றீங்கள்ல டீச்சர், கிளச்ச அரைகொறையா மிதிச்சிக்கிட்டே போறீங்க போல. பழகிரும்."

மகனிடம் சொன்னேன்.

"உம்மா, நீங்க பயந்து பயந்து ஓட்றீங்க. அதான்."

நானும் அப்படித்தான் நினைத்தேன். பிழை என் காலில்தான் என்று, காலையில் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடுகூட ஓட்டிப் பார்த்தேன். இரண்டு மாதம் அந்தச் சடசடப்பைக் கேட்கும்போதெல்லாம் யாரிடமோ மன்னிப்புக் கேட்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அவரும் தெல்தெனிய பக்கம் போவோம். போய் ஒன்றும் செய்வதில்லை. நீர்த்தேக்கம் தெரியும் ஒரு வளைவில் காரை ஓரமாக விட்டுவிட்டு, பிளாஸ்கில் கொண்டுபோன பிளேன்டீயைக் குடித்துவிட்டுத் திரும்புவோம். மாசி மாதம் ஒரு ஞாயிறு, வீட்டில் இருக்க முடியாமல் தனியாகப் புறப்பட்டேன். பிளாஸ்கில் இரண்டு பேருக்கான தேநீரை ஊற்றிவிட்டேன். கை பழக்கம்.

திகனையைத் தாண்டி இறக்கத்தில் ஒரு வளைவு திரும்பும்போது முன்னால் சிவப்பாக ஏதோ மின்னி மறைந்தது. அடுத்த வளைவில் மறுபடியும். சின்னத் தேநீர்க் கேத்தலின் மூக்கிலிருந்து ஒரு சொட்டு விழுவதுபோல் ஒரு படம். காரை ஓரம் கட்டி நிறுத்தினேன்.

மகனுக்குப் போன் பண்ணினேன். அங்கே ஞாயிறு வேலை நாள், எடுக்கவில்லை. மெக்கானிக்கின் போன் ஓஃப். பட்டியலில் மூன்றாவதாக இருந்தது கணவரின் நம்பர். விரல் அதன்மேல் போய் நின்றது. போனைக் கைப்பைக்குள் போட்டு சிப்பை இழுத்து மூடினேன்.

வாகனங்கள் போய்க்கொண்டிருந்தன. ஒருவரும் நிறுத்தவில்லை, நானும் கை காட்டவில்லை. பெட்டியிலிருந்து அந்த ஜப்பான் கைநூலை எடுத்தேன். எழுத்து விளங்காவிட்டாலும் படங்கள் இருந்தன. அந்தச் சிவப்புக் கேத்தல் படம் இருந்தது. பொனட்டைத் திறக்கும் பிடி எங்கே, அதைத் தாங்கும் கம்பி எங்கே, ஒயில் அளவு பார்க்கும் கம்பி எங்கே என்று அம்புக்குறி போட்டுக் காட்டியிருந்தார்கள். ஐம்பத்துநாலு வயதில் முதல் தடவையாக ஒரு காரின் பொனட்டைத் திறந்தேன். சூடு முகத்தில் அடித்தது. ஆறட்டும் என்று கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, அந்தக் கம்பியை இழுத்து, டிசுவால் துடைத்து, திரும்பச் செருகி எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடுகளுக்கு இடையில் நிற்க வேண்டிய ஒயில் கீழ்க்கோட்டுக்கும் கீழே, நுனியில் மட்டும் கறுப்பாக ஒட்டியிருந்தது.

குடிக்காது என்று ஊற்றிய தடித்த ஒயிலையும் இஞ்சின் குடித்துத்தான் இருந்தது. இரண்டு மாதமாக நான் ஒரு தடவையேனும் பார்க்கவில்லை.

கைநூலின் அடுத்த பக்கத்தில் ஒரு படம். மேலே வெப்பமானிபோல் ஒரு கோடு. பூச்சியத்துக்குக் கீழே முப்பதிலிருந்து மேலே நாற்பது வரை. அதன் கீழே பட்டை பட்டையாக ஒயில் நம்பர்கள். 0W-20, 5W-30, 10W-30. போனின் கமராவைப் பக்கத்தின்மேல் பிடித்து மொழிபெயர்க்கச் சொன்னேன். அரைகுறை வசனங்களாக வந்தது. W என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்குமாம். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரிலும் ஒயில் கட்டிப்படாமல் சட்டென்று ஓடி இஞ்சினின் உச்சிவரை போய்ச் சேரும். பின்னால் உள்ள எண், இஞ்சின் நன்றாகச் சூடேறிய பிறகு ஒயில் எவ்வளவு தடிப்பாக நிற்கும் என்பது.

அதற்குமேல் எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. மார்கழி மாதத்தில் மடவளையில் தேங்காயெண்ணெய் போத்தலில் வெள்ளையாக உறைந்துவிடும். தலைகீழாகப் பிடித்தாலும் இறங்காது. அடுப்படியில் கொஞ்ச நேரம் வைத்தால் தண்ணீர்போல் ஓடும். காலையில் அந்தச் சடசடப்பு எங்கிருந்து வந்தது என்று அந்த வளைவில் நின்று விளங்கிக்கொண்டேன். தடித்த ஒயில் மேலே ஏறி வரும்வரை இரும்பும் இரும்பும் வறட்சியாகத் தட்டிக்கொண்டிருந்திருக்கிறது. இஞ்சின் அந்தப் பாரத்தையும் சேர்த்துத்தான் மேட்டில் இழுத்திருக்கிறது. பட்டைகளை லைசன்ஸின் விளிம்பால் ஒவ்வொன்றாகக் கோடு பிடித்துப் பார்த்தேன். 20W-50 அந்தப் படத்தில் எங்குமே இல்லை.

காரை அங்கேயே பூட்டிவிட்டு, தெல்தெனியவுக்குப் போகும் பஸ் ஒன்றில் ஏறி டவுனில் இறங்கினேன். உதிரிப்பாகக் கடையில் இருந்தவர் சிங்களவர், வயதானவர். ஒயில் கேட்டதும் எந்த நம்பர் என்றார். நான் கொஞ்சம் யோசித்தேன். அதைக் கண்டுவிட்டு, "மாத்தயாவுக்குப் போன் பண்ணிக் கேளுங்களேன் நோனா" என்றார் சிங்களத்தில், மரியாதையாக. மாத்தயா என்றது என் கணவரை.

"மாத்தயா இல்லை" என்றேன் நானும் சிங்களத்தில்.

"வேலைக்குப் போயிருக்கிறாரா?"

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றும் தெரியாது. "ஓம், வேலைக்குப் போயிருக்கிறார்" என்றேன்.

ஏற்கெனவே உள்ளே இருப்பதையே ஒரு லீற்றர் வாங்கினேன். வழியில் வைத்துப் புதுப் பரிசோதனை வேண்டாம், முதலில் வீடு போய்ச் சேர வேண்டும். ஓட்டோவில் திரும்பி வந்து, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, கம்பியைப் பார்த்துப் பார்த்து மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தினேன். சிவப்பு விளக்கு பிறகு எரியவில்லை. நீர்த்தேக்கம் பார்க்கவில்லை. தேநீரை வீட்டில் வந்து குசினித் தொட்டியில் ஊற்றினேன்.

அடுத்த சனிக்கிழமை கராஜுக்குப் போனேன்.

"ஒயில மாத்தணும் தம்பி. ஃபைவ் தேர்ட்டி."

"இப்பதானே டீச்சர் மாத்துனோம்! லேசானது இது குடிச்சிரும்ங்க."

"இப்பயும் குடிக்குது தானே. குடிச்சா பாத்து ஊத்துறேன். எனக்கு இப்ப பாக்கத் தெரியும்."

"மகன்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டீங்களா?"

"இல்ல தம்பி. காரு ஓட்றது நான்."

சொன்ன பிறகு எனக்கே என் குரல் கடுமையாகத் தெரிந்தது. கைநூலை விரித்துக் காட்டினேன். அவர் கையைத் துணியில் துடைத்துவிட்டு, நூலை வெளிச்சத்துக்குத் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"இதுல டுவென்டி ஃபிஃப்டியே இல்லீங்களே."

"இல்ல."

"சப்பான் எழுத்து தெரியுமா டீச்சர் ஒங்களுக்கு?"

"நம்பர் தெரியும்."

அவர் சிரித்தார். நல்ல மனிதர், தான் சொன்னதுதான் சரி என்று பிடிவாதம் பிடிக்கவில்லை. "சீரோ ட்வென்டியும் போட்டிருக்கே, அது வேணாமா?" என்று கேட்டார். இத்தனை கிலோமீற்றர் ஓடிக் களைத்த இஞ்சினுக்கு, நூல் ஒத்துக்கொள்வதில் கொஞ்சம் தடித்ததைப் போடுவோம் என்றேன். அவர் தலையாட்டினார். "அது சரிதாங்க" என்றார். கீழே படுத்து அடைப்பைக் கழற்றியதும் பழைய ஒயில் கறுத்த கயிறுபோல் தட்டில் இறங்கியது. புதியது தேன் நிறம். ஆனால் ஊற்றும்போது தேன்போல் இழுபடவில்லை, சரசரவென்று இறங்கியது.

திங்கட்கிழமை தூறல். நல்ல குளிர். சாவியைத் திருப்பிவிட்டுக் காத்திருந்தேன். ஒரு தட்டு, அவ்வளவுதான், பிறகு இஞ்சின் தன் பாட்டில் ஓடியது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. பாடசாலை மேட்டில் இரண்டாம் கியரிலேயே ஏறிப்போய் நின்றேன். பின்னால் ஒரு ஹோர்ன்கூட இல்லை. காரை நிறுத்திவிட்டு இறங்காமல் இருந்தேன். இத்தனை நாளும் பிழை என் காலில் இல்லை. அதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.

ஆசிரியர் அறையில் பக்கத்து மேசை ஆசிரியையிடம் சொன்னேன். "அப்படியா டீச்சர்? நல்லது" என்றார். அவருக்குத் திருத்த நிறையக் கொப்பிகள் இருந்தன. வெள்ளிக்கிழமை மகனிடம் சொன்னேன். நம்பர், படம், தேங்காயெண்ணெய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீங்களே பாத்தீங்களா உம்மா?"

"ம்."

"இங்கத்த சூட்ட நெனச்சிதான் நான் சொன்ன."

"தெரியும் மகன். இங்க அவ்வளவு சூடு இல்ல தானே."

"சரி உம்மா. ஆக்கள் வந்தீக்கி, பிறகு எடுக்கிறேன்."

பிறகு என்பது அடுத்த வெள்ளிக்கிழமை. அன்றைக்கு வேறு கதை பேசினோம்.

அந்தக் கார் இன்றும் ஒயில் குடிக்கிறது. நான் ஒவ்வொரு ஞாயிறு காலையிலும் பொனட்டைத் திறந்து பார்க்கிறேன். டிக்கியில் ஒரு கேன் எப்போதும் இருக்கும். கைநூலின் ஓரத்தில் எப்போது எவ்வளவு ஊற்றினேன் என்று பென்சிலால் குறித்து வைக்கிறேன். எனக்குப் பிறகு யாராவது கேட்டால் தெரிய வேண்டுமே. யார் கேட்பார்கள் என்றுதான் தெரியவில்லை.

போன வருடம் மகன் லீவில் வந்தான். இரண்டு வாரம். வந்த மூன்றாம் நாள் காரை எடுத்துக்கொண்டு போய்வந்து, சாவியை மேசையில் வைத்தபடி, "வாப்பா ஓட்டக்குள்ள இப்பிடி நல்லா இழுக்கல்லயே உம்மா" என்றான். நான் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். அவன் முகத்தை நான் பார்க்கவில்லை; என் முகத்தை அவனும் பார்க்கவில்லை. அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திரும்பிப் போகும் நாள் வேன் பிடிக்கிறேன் என்றான். வேண்டாம், காரிலேயே போவோம் என்றேன். போகும்போது அவன் ஓட்டினான். நான் பழைய இடப்பக்க சீட்டில். கடுகண்ணாவை இறக்கத்தில் என் கால் தானாகத் தரையை மிதித்தது. அவன் கண்டு சிரித்தான். "வாப்பா மாதிரியே" என்றான். கட்டுநாயக்கா வரைக்கும் அதற்குமேல் அவரைப் பற்றி நாங்கள் பேசவில்லை. பேச நினைத்தது இருவருக்கும் இருந்தது என்றுதான் நினைக்கிறேன். விமான நிலைய வாசலில் பெட்டிகளை இறக்கிவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தான். "மெதுவா போங்க உம்மா. மழ வரும் போல ஈக்கி" என்றான். பின்னால் வாகனங்கள் நின்றதால் அதிக நேரம் நிற்கவும் முடியவில்லை.

நிட்டம்புவ, வரகாப்பொல என்று வெயிலோடு வந்தேன். மாவனெல்லையில் மழை பிடித்தது. கடுகண்ணாவை ஏற்றம் தொடங்கும்போது முன்னால் ஒரு சீமெந்து லொறி. முந்த இடமில்லை. இரண்டாம் கியரில், அதன் பின்னாலேயே வளைவு வளைவாக ஏறினேன். ஒரு பக்கம் மலைச் சுவரிலிருந்து தண்ணீர் ரோட்டுக்கு வழிந்தது. மறுபக்கம் பள்ளத்தில் மூடுபனி. வைப்பர் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் அவன் விட்டுப்போன தண்ணீர்ப் போத்தல் வளைவுக்கு வளைவு உருண்டது. இஞ்சின் ஒரே குரலில் இழுத்தது. சூட்டு முள் நடுவில் நின்றது. சிவப்பு விளக்கு ஒன்றும் எரியவில்லை. ஏற்றம் முடியும் இடத்தில் ஒரு கடை ஓரமாக நிறுத்திவிட்டு, ஒரு தேநீர் வாங்கிக் காருக்குள் இருந்தே குடித்தேன்.

போன் அடித்தது. மகனின் செய்தி.

'ஏறிட்டேன் உம்மா.'

நான் எழுதினேன்: 'நானும் ஏறிட்டேன் மகன்.'

அது ஒற்றை டிக் குறியோடு நின்றுவிட்டது. அவன் போனை மூடியிருப்பான். கோப்பையைக் கடையில் கொடுத்துவிட்டு, கண்ணாடியில் பின்னால் பார்த்து, பேராதனைப் பக்கம் காரை எடுத்தேன். வீட்டில் அன்றைக்கு இருவருக்குச் சோறு ஆக்கத் தேவையில்லை என்பது பிலிமத்தலாவை தாண்டும்போது நினைவுக்கு வந்தது.